தோத்தவங்க கட்டின ரூம்

குத்திட்டா சார்? மன்னிச்சிக்கிடுங்க. மட்டைதான். கைப்பிடி பையிலருந்து துருத்திக்கிட்டே நிக்கும். எப்படி வச்சாலும் பக்கத்துல இருக்கிறவங்க விலாவத்தான் தேடிப் போகும். இருங்க, இந்தப் பக்கமா மாத்தி வச்சிக்கிடுதேன். ஆங், இப்ப சரி.

டென்னிஸ் மட்டை இல்ல சார். பாக்கிறவங்க எல்லாரும் அதத்தான் கேக்காவ. இது பூப்பந்து மட்டை. மஞ்சக் கம்பளிப் பந்து, உள்ளங்கையில அடங்கும், பாத்திருக்கியளா? நடுவுல வலை, பக்கத்துக்கு அஞ்சு பேரு. டிவியில எல்லாம் காட்ட மாட்டானுவ. எங்க காலத்துல காலேஜ்ல பூப்பந்து டீம்ல இருக்கான்னா அவனுக்குக் கேன்டீன்ல கடன் கேக்காமலே கிடைக்கும். அந்த அளவுக்கு மதிப்பு.

நான் ஆடப் போறேன்னு நினைச்சிராதீங்க. இந்த வயசுல யாராவது ஆடுவாங்களா? கயத்தாறு தாண்டினா காலேஜ் விலக்குன்னு ஒரு ஸ்டாப்பு வரும். அங்க இறங்கணும். நான் படிச்ச காலேஜ். பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர் நாந்தான். ஆவுடையப்பன்னு பேரு. திருநெல்வேலி ஜங்ஷன்ல பெயின்ட் கடை வச்சிருக்கேன். காலேஜ் மைதானத்துல ஒரு கட்டட வேலை, என் பொறுப்புல நடக்குது. அத மேற்பார்வை பாக்கப் போறேன். மட்டை சும்மா கூட வருது. கார் இருக்கு சார், சர்வீசுக்கு விட்டிருக்கு.

ஏம்ப்பா கண்டக்டர், இதுல சிரிக்க என்ன இருக்கு? கார்னா சர்வீசுக்குப் போகாதா? சனிக்கிழமை சனிக்கிழமை போகுதுன்னா அது அந்தக் காரோட ராசி. நீ முன்னாடி போயி டிக்கெட்டப் போடு.

நீங்க அவன் சிரிக்கிறதப் பாக்காதீங்க சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் முழுசாச் சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எம் மேல என்ன தப்புன்னு.

சங்கம் ஆரம்பிச்ச மொத வருஷம். பொங்கல் முடிஞ்சு வாற ஞாயித்துக்கிழமைய பழைய மாணவர் தினம்னு வச்சோம். காலையில பூப்பந்து, மத்தியானம் சாப்பாடு, சாயந்திரம் மேடை. பூப்பந்துல படிக்கிற பயலுவ அஞ்சு பேரு ஒரு பக்கம், பழைய ஆளு நாங்க அஞ்சு பேரு ஒரு பக்கம். நான், தளவாய், இன்னும் மூணு பேரு. தளவாய் பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவன். காலேஜ்ல எனக்கு ரூம் மேட். மொழங்கால்ல பட்டி கட்டிக்கிட்டு ஆடுவான்.

ஜெயிச்சோம் சார். பயலுவ டீம்ல ரெண்டு பேருக்கு அன்னைக்குக் காய்ச்சல், அது வேற விஷயம். சாயந்திரம் மேடையில மாலை போட்டாவ. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. மைக்கப் பிடிச்சேன், 'ஹாஸ்டலுக்கு போர்வெல் போட்டுத் தாறோம்'னுட்டேன். கூட இருந்தவனுவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நமக்கு அப்படித்தான் சார், சந்தோஷம் வந்தா கை தானா நீளும்.

ரெண்டாவது வருஷம் தோத்துட்டோம். தளவாய்க்கு வயிறு சரியில்ல, எனக்குப் புது ஷூ கடிச்சிருச்சு. இல்லைன்னா தோக்க வேண்டிய ஆட்டமே இல்ல. மத்தியானம் சோறு இறங்கல. சாயந்திரம் மேடையில என்னத்தப் பேச? வணக்கம் சொல்லிட்டு உக்காந்துட்டேன். பிரின்ஸ்பால் கிரேஸ் அம்மா வாசல் கேட்டு வரைக்கும் கூடவே வந்தாவ. 'சார், லைப்ரரிக்கு ஃபேன் வேணும்னு பேசிக்கிட்டிருந்தோமே'ன்னு இழுத்தாவ. 'பாப்போம்மா'ன்னுட்டு வண்டி ஏறிட்டேன். வேணும்னு இல்ல சார். மனசு நல்லால்லைன்னா ஃபேன் ஞாபகமா வரும்?

மூணாவது வருஷத்துலருந்து பாருங்க, நாங்க தோக்கவே இல்ல!

சிரிக்கீங்களே. நம்பலையா? ஷீல்டெல்லாம் வீட்டு ஹால்ல வரிசையா இருக்கு சார். இருந்துச்சு. இப்ப எடுத்து உள்ள வச்சிருக்கேன், தூசி அடையுதுன்னு. அது கிடக்கட்டும்.

எனக்கு அந்தப் பயலுவள நினைச்சாத்தான் பாவமா இருக்கும். பந்து நேரா நெஞ்சுக்கு வரும், மட்டைய அந்தப் பக்கம் வீசுவான். சும்மா தட்டினாப் போதும், வலையில கொண்டு போயி அடிப்பான். போன்லயே கெடந்தா இப்படித்தான். விளையாட்டு வாத்தியார் சொரிமுத்து ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. 'என்ன சொரிமுத்து, பயலுவள இப்படியா வளக்கது?'ம்பேன். 'உங்க அளவுக்கு வரணும்னா இன்னும் நாளாகும் சார்'ம்பாரு. அடக்கமான மனுசன்.

உடம்புல தெம்பு இல்லாமத்தான் ஆட மாட்டேங்கானுவன்னு, டீமுக்குத் தெனமும் முட்டை குடுக்க ஏற்பாடு பண்ணினேன். முட்டையும் சாப்பிட்டானுவ, முன்னைய விட மோசமாவும் ஆடுனானுவ. இதுல கூத்து என்னன்னா சார், அதே பயலுவ யுனிவர்சிட்டி போட்டிக்குப் போயி கப்பு வாங்கிட்டு வாறானுவ. பேப்பர்ல போட்டோ வருது. நம்மகிட்ட வந்தா மட்டும் கை நடுங்குது. தளவாய் சொன்னான், 'ஏலே ஆவுடை, அவனுவ சின்னப் பயலுவள ஜெயிக்கானுவ. நம்மகிட்ட அனுபவம்லா பேசுது'ன்னான். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

ஒரு வருஷம் கெமிஸ்ட்ரி லேப் கூரை ஒழுகுதுன்னு கிரேஸ் அம்மா கூட்டிட்டுப் போயிக் காட்டினாவ. அந்த வருஷம் பயலுவ ஆடின ஆட்டம் இருக்கே, அவ்வளவு மோசம். ரெண்டு கையால எடுக்கிற மாதிரி பாயிண்ட் எடுத்தோம். அன்னைக்கு மேடையில எனக்கு இருந்த குஷிக்கு, கூரை என்ன, லேப்பையே புதுசாக் கட்டித் தாறோம்னு சொல்லிட்டேன். சும்மா பஸ் நிக்கிற எடத்துக்கு ஷெட்டு கேட்ட வருஷம் ஆட்டம் கொஞ்சம் நெருக்கமாத்தான் போச்சு. நான்கூட யோசிச்சிருக்கேன், கூரை ஒழுகினா அதுக்குக் கீழ படிக்கிற பயலுவளுக்கு மனசு ஆட்டத்துல எப்படி நிக்கும்னு.

தண்ணி குடிக்கியளா சார்? வேண்டாமா. கங்கைகொண்டான் தாண்டிட்டோம்லா. கொஞ்சம் வேகமாச் சொல்லுதேன்.

இந்த வருஷக் கதைக்கு வாறேன். காலேஜ்ல இப்ப நாலஞ்சு வருஷமாப் பொம்பளப் பிள்ளைங்களும் படிக்குது. பூப்பந்துக்குப் பிள்ளைங்க டீமும் இருக்கு. மார்கழி மாசம் கிரேஸ் அம்மா வரச் சொன்னாவ. போனேன். மைதானத்தச் சுத்திக் காட்டினாவ. 'சார், பிள்ளைங்க மத்தியானத்துக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. குடிச்சா எங்க போறது? மெயின் பிளாக்கைச் சாயந்திரம் பூட்டிருவாங்க. உடுப்பு மாத்தணும்னாகூட ரெண்டு பேரு துப்பட்டாவப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். வெயில்ல ஆடி ஒரு பிள்ளை மயக்கம் போட்டே விழுந்துட்டா. மைதானத்து ஓரத்துல ஒரு ரூம், கக்கூஸோட, தண்ணிக் குழாயோட கட்டினாப் புண்ணியமாப் போகும்'னாவ.

எனக்கும் பொட்டைப் பிள்ளை உண்டு சார். கல்யாணமாகி ஓசூர்ல இருக்கா. மனசு என்னமோ மாதிரி ஆயிட்டு. 'பொங்கல் முடிஞ்சு மேடையில சொல்லிருதேம்மா'ன்னேன். அப்பவே சொல்லியிருக்கலாம்னு எங்க வீட்ல இன்னைக்கும் சொல்லுதா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா சார்? ஜெயிக்கணும், மாலை போடணும், பொறவு சொல்லணும். சும்மா மரத்தடியில நின்னு சொன்னா அதுல என்ன இருக்கு?

பழைய மாணவர் தினத்துக்கு ஒரு வாரம் முன்னால சொரிமுத்து போன் பண்ணுதாரு. பயலுவ டீம் முழுக்கச் சென்னைக்கு ஒரு போட்டிக்குப் போகுது, ஆட்டத்தத் தள்ளி வைப்போமான்னு கேக்காரு. ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு, சாப்பாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, எங்கன தள்ளி வைக்க? 'பிள்ளைங்க டீம் இருக்குல்லா, அதுங்களோட ஆடிட்டுப் போறோம்'னேன். 'பிள்ளைங்களோடயா சார்?'ங்காரு. 'பயப்படாதீங்க, மெதுவாத்தான் அடிப்போம்'னேன். தளவாய் எங்க வாட்ஸ்அப் குரூப்ல 'பிள்ளைங்க மனசு நோகாம ஜெயிக்கணும்'னு எல்லாருக்கும் போட்டான். கைகூப்பின பொம்மை வேற.

ஆட்டம் ஆரம்பிச்சுது. நாலு பிள்ளைங்க நல்ல அடக்கமான பிள்ளைங்க. பந்து வந்தா ஒதுங்கி நிக்குது. அஞ்சாவதா ஒருத்தி, மாரிச்செல்வின்னு பேரு. கழுகுமலைப் பக்கம் ஏதோ ஒரு ஊரு. அப்பா ஆடு மேய்க்காரு போல. கரண்டிக் காம்பு மாதிரி இருக்கா. மொதப் பந்த நான் போட்டேன். அவ அத எடுத்துத் திருப்பி அடிச்ச அடியில பந்து என் காதுக்கும் தோளுக்கும் நடுவுல போச்சு சார். நான் திரும்பிப் பாக்கும்போது பின்னால கோட்டுக்கு உள்ள விழுந்து கெடக்கு.

சொரிமுத்து ஓரத்துலருந்து கத்துதாரு, 'செல்வி, பாத்து! பாத்து ஆடு!' நான் நினைச்சேன், பிள்ளைக்கு உற்சாகம் குடுக்காருன்னு. அவ காதுலயே வாங்கல. கிரேஸ் அம்மா நாற்காலியிலருந்து எந்திரிச்சு, உக்காந்து, மறுபடி எந்திரிச்சு, கடைசியில வெயில்ல வந்து நின்னுட்டாவ. அந்த நாலு பிள்ளைங்களும் ஒதுங்க ஒதுங்க, இவ ஒருத்தியே அஞ்சு பேரு ஆட்டத்தையும் ஆடுதா. முன்னால வாறா, பின்னால ஓடுதா. தளவாய் தூக்கிப் போட்ட பந்து ஒண்ணு, வேற யாரா இருந்தாலும் விட்டுருவாங்க. விழுந்து புரண்டு எடுத்தா. முட்டியில ரத்தம் சார். துடைக்கக்கூட இல்ல.

அதப் பாத்ததும் மத்தப் பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சோ தெரியல. ஒருத்தி அடிச்சா. அடுத்தவ அடிச்சா. ரெண்டாவது ஆட்டத்துல அஞ்சும் சேந்து அடிக்குது. நாங்க அங்கங்க நிக்கோம். வெயில் வேற எங்க கண்ணுக்கு நேரா. பந்து வேற கொஞ்சம் ஈரம். நாங்க எடுத்த பாயிண்ட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்க கேக்கவும் கூடாது.

சாயந்திரம் மேடை. கிரேஸ் அம்மா ஷீல்ட எடுத்து மாரிச்செல்வி கையில குடுத்தாவ. குடுக்கும்போதே அம்மா முகம் சரியில்ல. அந்தப் பிள்ளை வாங்கித் திருப்பிப் பாத்தா. பொறவு நேரா எங்கிட்ட வந்து, 'சார், இதுல உங்க பேருதான் போட்டிருக்கு. நீங்களே வச்சிக்கிடுங்க'ன்னு நீட்டுதா. பாத்தா, 'வெற்றி பெற்றோர்: பழைய மாணவர் அணி'ன்னு தங்க எழுத்துல முன்னமே அடிச்சு வச்சிருக்கு. எங்க மேல அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை பாருங்க.

நானும் வாங்கிக்கிட்டேன் சார். என்ன செய்ய? சபையில நீட்டுதால்லா. பொறவு மைக்குக்கிட்ட போனேன். ஒழுக்கத்தப் பத்திப் பேசினேன். பெரியவங்க மரியாதையப் பத்திப் பேசினேன். நீளமாத்தான் பேசினேன். அந்த ரூம் விஷயம் மட்டும் வாயில வரல. மறந்துட்டேன். கீழ மொத வரிசையில அஞ்சு பிள்ளைங்களும் உக்காந்து என் வாயவே பாத்துக்கிட்டிருந்துச்சுங்க. அப்பவும் மறந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து ஷீல்ட வரிசையில வச்சேன். எங்க வீட்ல வந்து பாத்தா. 'ஜெயிச்சியளா?'ன்னா. 'ஷீல்டு வந்திருக்குல்லா'ன்னேன். அவ பொல்லாதவ சார், கிரேஸ் அம்மாகிட்ட முன்னாலேயே போன்ல எல்லாம் கேட்டுட்டு வந்து நிக்கா. 'ரூம் கட்டித் தாறேன்னு சொன்னியளா?'ன்னா. 'மறந்துட்டேன்'னேன். 'ஏங்க, பிள்ளைங்க தோத்தாத்தான் கக்கூஸா?'ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அன்னைக்கு ராத்திரி தோசை கருகித்தான் வந்துச்சு. நானும் கேக்கல.

ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கடையில உக்காந்திருக்கேன். சொரிமுத்து வாறாரு, பின்னாலயே மாரிச்செல்வி. முட்டியில பிளாஸ்திரி. சொரிமுத்து கையப் பெசையுதாரு. 'சார், பிள்ளை மன்னிப்புக் கேக்க வந்திருக்கா'ங்காரு. 'எதுக்கு மன்னிப்பு?'ன்னேன். 'அன்னைக்கு ஆட்டத்துல…'ன்னு முழுங்குதாரு. 'ஜெயிச்சதுக்கா?'ன்னேன். அவரு பெயின்ட் டப்பாவப் பாத்துக்கிட்டு நிக்காரு.

அவ ஒரு எட்டு முன்னால வந்தா. 'நான் மன்னிப்புக் கேக்க வரல சார். ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்'னா. சொரிமுத்து 'ஏட்டி, சும்மா இரு'ங்காரு. அவ நிறுத்தல. 'சார், சர்வீஸ் போடும்போது நீங்க ரெண்டு காலையும் ஒட்டி வச்சு நிக்கீங்க. இடுப்பு திரும்பவே மாட்டேங்கு. அதான் உங்க பந்து எப்பவும் ஒரே எடத்துல வந்து விழுது. இத்தனை வருஷமா ஆடுதீங்களே, இத யாருமே உங்ககிட்ட சொன்னதில்லையா?'

யாரும் சொன்னதில்ல. எத்தனை பயலுவ எதுத்த பக்கம் நின்னு ஆடியிருக்கானுவ. எல்லாவனும் கப்பு வாங்கின பய. ஒரே எடத்துல வந்து விழுத பந்த எடுக்கத் தெரியாதவனா அவன்? ஒருத்தனும் சொன்னதில்ல. 'சூப்பர் சர்வீஸ் சார்'னு கையக் குலுக்கிட்டுப் போனானுவ. மரியாதைதான், வேற என்ன. பெரிய மனுசன்கிட்ட எப்படிச் சொல்லன்னு மரியாதை. ஆனா எனக்கு அன்னைக்கு அழுகை வந்துட்டு சார். எதுக்குன்னு கேக்காதீங்க. கல்லாவுல குனிஞ்சு சில்லறை தேடுத மாதிரி கொஞ்ச நேரம் இருந்தேன்.

அந்தப் பிள்ளை சொல்லுதா: 'நீங்க ரூம் கட்டித் தந்தாலும் சரி, தராட்டாலும் சரி சார். தரலைன்னா தண்ணி குடிக்காமலே ஆடிக்கிடுவோம், பழகிட்டு. ஆனா எனக்கு வேணும்னு பந்த விடத் தெரியாது. சொல்லிப் பாத்தாங்க, கையி கேக்க மாட்டேங்கு.' சொரிமுத்து பக்கத்துல இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. அந்த ஸ்டூல்ல பெயின்ட் காயல. அது வேற.

நான் கேட்டேன், 'அப்ப கால எப்படி வைக்கணும்?'

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன் சார். அவ அந்தப் பெயின்ட் டப்பாவுக்கு மத்தியில நின்னு காட்டுதா. கடையில ப்ரைமர் வாங்க வந்த ரெண்டு பேரு வேடிக்கை பாக்காவ. 'இடது காலு முன்ன, சார். தோளு பொறவு. மணிக்கட்டு கடைசியில.' நான் எந்திரிச்சு நின்னு பாத்தேன். 'இல்ல சார், இன்னும் தள்ளி'ங்கா. எங்கிட்ட யாரும் 'இல்ல சார்'னு சொல்லிக் கேட்டே வருஷக்கணக்காச்சுன்னு அப்பத்தான் தோணுச்சு.

அந்த வாரமே ரூமுக்கு வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டாச்சு. பொறவென்ன, மேடையும் இல்ல, மாலையும் இல்ல. கிரேஸ் அம்மாவுக்குப் போன்ல சொன்னேன். அவங்களால நம்பவே முடியல. 'சார், ஆனா நாங்க அன்னைக்குத் தோ… நீங்க தோத்துட்டீங்களே'ன்னு கேட்டே போட்டாவ. 'ஆமாம்மா, தோத்துட்டோம். தோத்தவங்க கட்டித் தாறோம்'னேன். சொன்ன பொறவு பாத்தா, நெஞ்சுல ஒரு சொகம் சார். மாலை போட்டப்பகூட அப்படி இருந்ததில்ல.

மேற்பார்வை பாக்கணும்லா? அதான் சனிக்கிழமை காலையில போறேன். பிள்ளைங்க அந்நேரம் பிராக்டிஸ் பண்ணுதுங்க. அஞ்சு பேருல எவளாவது ஒருத்தி ஊருக்குப் போயிருப்பா. எதுத்த பக்கம் ஆளு கொறையும். சும்மா நிக்கதுக்கு நான் போயி நிக்கேன், அவ்வளவுதான்.

என்ன கேட்டீங்க? கட்டடம் எப்ப முடியுமா? முடிஞ்சாச்சு சார். திறந்தே ரெண்டு மாசம் ஆகப் போகுது. வெளிச் செவுருக்கு நம்ம கடை பெயின்ட்டுதான், நல்ல வெளிர் பச்சை. உள்ள குழாய், கண்ணாடி, துணி மாட்ட ஆணி எல்லாம் இருக்கு. பிள்ளைங்க ஆளுக்கொரு பெரிய பாட்டில் தண்ணி கொண்டு வந்து கோட்டு ஓரத்துல வச்சிக்கிட்டு மடக்கு மடக்குன்னு குடிக்குதுங்க. அதப் பாக்கதுக்கே கண்ணு நெறஞ்சிரும்.

முடிஞ்ச கட்டடத்துக்கு என்ன மேற்பார்வைன்னா? பராமரிப்புன்னு ஒண்ணு இருக்குல்லா சார். நீங்களும் அந்தக் கண்டக்டர் மாதிரியே சிரிக்கீங்க.

தளவாய்க்கு இதெல்லாம் தெரியாது. நீங்க திருநெல்வேலியில எங்கயாவது அவனப் பாத்தா சொல்லிராதீங்க. கார்ல போனா அவன் வீட்டு வழியாத்தான் போகணும், எங்க போறன்னு கேப்பான், கூட வாறேம்பான். அதான் பஸ்ஸு. அவன் இன்னமும் குரூப்ல போட்டுக்கிட்டிருக்கான், 'அடுத்த வருஷம் பையன்களோட ஆடுவோம், அனுபவம் பேசும்'னு. அவன் வீட்டுக்காரி தவறினது தெரியும்லா உங்களுக்கு… உங்களுக்கெப்படித் தெரியும். ஹால்ல அவ போட்டோவுக்குப் பக்கத்துல அவன் பங்குக்கு வந்த ஷீல்டெல்லாம் வச்சு, தெனமும் ரெண்டையும் சேத்துத்தான் தொடைக்கான். அவங்கிட்டப் போயி நான் என்னத்தச் சொல்ல? சொல்லதுக்குத்தான் என்ன இருக்கு? அவன் ஜெயிச்சவன். அப்படியே இருந்துட்டுப் போறான்.

பயலுவ டீமும் சென்னையிலருந்து அப்பவே வந்துட்டுது. சனிக்கிழமை நான் ஆடும்போது சுத்தி நிப்பானுவ. முன்னையெல்லாம் கையத் தட்டுவானுவ. இப்ப, 'சார், காலு! சார், காலப் பாருங்க!'ன்னு கத்துதானுவ. ஒருத்தன் போன வாரம் 'தாத்தா, தோளு!'ன்னுட்டான். சொரிமுத்து அவன அடிக்கப் போயிட்டாரு. நாந்தான் தடுத்தேன்.

கயத்தாறு வந்துட்டா? இருங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு எந்திரிச்சிருதேன். முக்கியமானது இதுதான்.

இத்தனை சனிக்கிழமையும் எனக்கு ஒண்ணும் தேறல சார். மாரிச்செல்வி எதுத்த பக்கம் நின்னா ஒரு பந்து விடமாட்டா. 'இல்ல சார்', 'இன்னும் தள்ளி சார்', இதே பேச்சுதான். போன சனிக்கிழமை என் சர்வீஸ். இடது கால முன்ன வச்சேன். தோளு. மணிக்கட்டு. பந்து வலையத் தாண்டிச்சு, ஒரு வளைவு வளைஞ்சு அவளுக்கு அந்தப் பக்கமாப் போகுது. அவ ஓடுனா. நெசமாவே ஓடுனா சார், செருப்புக் கடிச்ச மாதிரி நொண்டிக்கிட்டெல்லாம் இல்ல. மட்டைய நீட்டுனா, எட்டல. பந்து கோட்டுக்கு உள்ள விழுந்துச்சு. பாயிண்ட்டு.

ஒரே ஒரு பாயிண்ட்டுதான். நான் இந்த வயசுல குதிச்சேன்னு சொன்னா நம்புவீங்களா? மூட்டு இன்னைக்கு வரைக்கும் வலிக்கு. வீட்ல போயி சொன்னேன். அன்னைக்கு தோசை நல்லா வந்துச்சு.

ஏம்ப்பா, காலேஜ் விலக்கு ஒண்ணு எறக்கம்! நிறுத்து நிறுத்து.

வாறேன் சார். மறுபடி குத்திட்டா? மன்னிச்சிருங்க. ஒரே ஒரு சந்தேகம், நீங்க வெளி ஆளு, நடு நியாயமாச் சொல்லுங்க. ரூம் கட்டிக் குடுத்தவராச்சேன்னு அந்தப் பந்த அவ விட்டுக்குடுத்திருப்பாளோ? நானும் வாரம் பூரா அதத்தான் யோசிச்சேன். ஆனா பந்து விழுந்ததும் அவ என்னப் பாத்தா சார். பல்லக் கடிச்சுக்கிட்டு, எரிச்சிருத மாதிரி ஒரு மொறப்பு மொறைச்சா.

விட்டுக்குடுத்தவ அப்படி மொறைப்பாளா, சொல்லுங்க?